ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும் என் தாடையும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று பேர் நான் பெற்றது, இரண்டு பேர் என் தங்கை விட்டுவிட்டுப் போனது. இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். என் பெயரை எழுதுவேன், பஸ் பலகையைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் மகன் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள்.

தஞ்சாவூருக்குக் கிழக்கே, வெண்ணாற்றுப் பாசனத்தில் எங்கள் ஊர். முப்பது வருடமாக நடவுச் செட்டு என் கையில். செட்டு என்றால் இருபது, இருபத்திரண்டு பெண்கள். நிலம் வைத்திருக்கிறவர்கள் என்னிடம்தான் வந்து பேசுவார்கள். எத்தனை மா நிலம், எந்த மூலையில் சேறு இடுப்பளவு, நாற்று எத்தனை நாள் வயது என்று கேட்டுவிட்டு ஆள் இறக்குவது நான். இப்போது மெஷின் வந்துவிட்டது. மெஷின் நட்ட வயலைப் பார்த்திருக்கிறீர்களா? வண்டி திரும்புகிற இடமெல்லாம் சொட்டை. பெரிய சத்தம் போட்டுக்கொண்டு வந்து, நாலு மூலையையும் மொட்டையாக விட்டுவிட்டுப் போகும். அந்தச் சொட்டையில் நாற்றுக் குத்த எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

செட்டை நடத்துகிறவள் தளர்ந்துவிட்டாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், வேலை அடுத்தவளுக்குப் போய்விடும். குனிந்தவள் நிமிரும்போது முழங்காலைப் பிடிக்கிறாளா என்று வரப்பில் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள். நானே மற்றவர்களை அப்படித்தான் பார்த்து ஒதுக்கியிருக்கிறேன்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு செட்டு உண்டு. அதை நடத்துகிறவளை அக்கரைக்காரி என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். மற்ற பெண்கள் நகை போட்டுக்கொள்வது மாதிரி அவள் நோயைப் போட்டுக்கொள்வாள். சர்க்கரை, பிரஷர், தைராய்டு. மாத்திரையையும் சீட்டையும் ஒரு மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறுவாள். பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால் தன் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். எனக்கு அவளைக் கண்டாலே உடம்பு கூசும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் தாளடி நடவில் வரப்பில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. தஞ்சாவூரில் எலும்பு டாக்டர் மாவுக்கட்டுப் போட்டார். அது ஊருக்கே தெரியும். தெரியாதது என்னவென்றால், கட்டுப் பிரிக்க நான் தனியாகப் போன அன்றைக்கு அவர் இடுப்பையும் முதுகையும் படம் பிடித்துப் பார்த்தார். "எலும்பு உளுத்துப் போயிருக்கும்மா" என்றார். வாரத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரில் விழுங்க வேண்டும். அதற்கப்புறம் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது, ஒன்றும் தின்னக் கூடாது. மூன்று வருடம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நிறுத்தலாமா என்று பார்க்கலாம் என்றார்.

நடவுக்காரியிடம் குனியக் கூடாது என்று சொல்கிறார்! சரி என்று வாங்கிக்கொண்டு வந்தேன். எலும்பு உளுத்தவள் என்று ஒருத்தி காதில் விழுந்தால் என் செட்டு என்ன ஆவது? அதனால் ஒரு வழி செய்தேன். மாரியம்மனுக்கு ஞாயிற்றுக்கிழமை விரதம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு காலையில் குளித்து, மாத்திரையை வாயில் போட்டு, கொல்லையில் கிழக்கே பார்த்துத் தண்ணீர் குடித்து, அப்படியே நிமிர்ந்து நிற்பேன். பார்க்கிறவர்களுக்குச் சூரியனைக் கும்பிடுகிற மாதிரி இருக்கும். மாத்திரை அட்டை சாமி படத்துக்குப் பின்னால், விபூதிப் பொட்டலத்தோடு கிடக்கும். மாரியம்மனுக்குத் தெரியும். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இந்த வயதில் இவள் இப்படி நிமிர்ந்து நடக்கிறாளே, விரதம்தான் காரணம் என்று செட்டில் மூன்று பேர் என்னோடு சேர்ந்து விரதம் இருக்க ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களும் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிழக்கே பார்த்து நின்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தானாக எதையும் யோசிக்காத ஜனம். ஒருத்தி நின்றால் நிற்கும், ஒருத்தி உட்கார்ந்தால் உட்காரும்.

மூன்று வருடம் கழித்து டாக்டரிடம் போகவில்லை. எலும்பு நன்றாகத்தானே இருக்கிறது, போய் என்னத்தைக் காட்டுவது? பழைய சீட்டைக் காட்டி தஞ்சாவூரில் ஒரு மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டே இருந்தேன். ஒரு அட்டையில் நாலு மாத்திரை. ஒரு மாதத்துக்குச் சரியாக இருக்கும்.

போன கோடையில் வலது பக்கம் கீழ்க்கடைவாய்ப்பல் ஆடியது. பக்கத்து டவுனில் ஒரு பல் கிளினிக். போனால், முன்னால் நாற்காலியில் அக்கரைக்காரி உட்கார்ந்திருக்கிறாள், மடியில் மஞ்சள் பை. அவளுக்கும் பல்தான். ஒரு சின்னப் பெண் அட்டையும் பேனாவுமாக வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"பாட்டி, சுகர் இருக்கா?"

"இல்ல."

"பிரஷர்?"

"இல்ல."

"ஹார்ட்டுக்கு மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, அந்த மாதிரி?"

"எதுக்கு அதெல்லாம்?"

"எலும்புக்கு ஊசி, மாத்திரை ஏதாவது போட்டுக்கிறீங்களா?"

அக்கரைக்காரி கழுத்தை நீட்டினாள். "என்னக்கா, ஒண்ணுமே இல்லியா? இந்த வயசுலயுமா?"

"ஒனக்கு இருக்கறது பத்தாதா? எனக்கும் சேத்து நீயே வச்சிக்க" என்றேன். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "ஒண்ணும் இல்லன்னு போட்டுக்கம்மா."

அவள் போட்டுக்கொண்டாள். அக்கரைக்காரியை அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, குறைத்துக்கொண்டு வந்தால்தான் பல்லைத் தொடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு அவள் போனதைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்தேன். எனக்குப் பத்து நிமிடத்தில் பிடுங்கிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து அவளுக்கும் பிடுங்கினார்கள். பத்து நாளில் ஆறிவிட்டது. அதையும் என் வீட்டுக்கு வந்து வாயைப் பிளந்து காட்டிவிட்டுப் போனாள்.

எனக்கு ஆறவில்லை.

ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. பல் இருந்த குழியில் நாக்கை வைத்தால் சொரசொரவென்று ஏதோ தட்டுப்பட்டது. கண்ணாடியில் பார்த்தேன். சதை மூடாமல் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அப்புறம் சீழ், நாற்றம். சோற்றைக் குழைய வடித்து இடது பக்கமாக ஒதுக்கி விழுங்கினேன். கீழுதட்டில் வலது பாதி மரத்துப் போனது. என் மருமகள் என்னோடு பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். ஐம்பது பேர் வேர்வை நாற்றத்தில் நின்று நாற்று பறித்தவள் நான். அவளுக்கு என் வாய் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை மட்டும் நான் விடவில்லை. எலும்பில் கோளாறு என்றால் எலும்பு மாத்திரையை விடலாமா?

கடைசியில் பெரிய மகன் தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். வாய், தாடை, முகம் இவற்றுக்கென்றே ஒரு தனிப் பிரிவு. அங்கே உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! டூவீலரில் பறந்து மூஞ்சியை உடைத்துக்கொண்ட இளவட்டங்கள், பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டி, உறிஞ்சுகுழலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஓட்டினானாம். முழங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொருவனுக்குப் பாக்குப் பொட்டலம் மென்று மென்று வாய் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறக்கிறது. இவர்களோடு ஒரே பெஞ்சில் நான்.

டாக்டர் ஒரு பெண். ஒரு நாற்று முடியைக் கையில் கொடுத்தால் அதோடு சேர்ந்து சேற்றில் விழுகிற உடம்பு. என்னை ஒரு மெஷினில் மோவாயை வைத்து நிற்கச் சொன்னாள். அது என் தலையை ஒரு சுற்றுச் சுற்றிப் படம் எடுத்தது. படத்தைப் பார்த்து முகம் சுருக்கினாள்.

"புகையில போடுவீங்களா பாட்டி?"

"நாப்பது வயசு வரைக்கும் அடக்கிக்கிட்டுதான் நட்டேன். அப்புறம் விட்டாச்சு."

என்னைக் கேட்டது அது ஒன்றுதான். மற்றதை எல்லாம் என் மகனிடம் கேட்டாள், நான் அங்கே இல்லாத மாதிரி. "பாட்டிக்கு வேற எதுக்காச்சும் ட்ரீட்மென்ட் போகுதா? எப்பவாச்சும் கரண்ட் வச்சிருக்கா, கேன்சருக்கு?"

"எங்கம்மா தலைவலி மாத்திரகூட போட்டதில்ல டாக்டர். ஞாயித்துக்கெழம விரதம் இருக்கும். அந்த ஒடம்பு அது."

டிப்ளமோ படித்தவன் என் மகன். ஏழு வருடமாகச் சாமி படத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதவன். தெரியாததை எவ்வளவு தைரியமாகச் சொல்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

புற்றாக இருக்கலாம் என்று சந்தேகம். வார்டில் சேர்த்து, ஒரு துண்டு சதையும் எலும்பும் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுருக்குப்பையில் வைத்திருந்த அட்டையிலிருந்து ஒன்றை விழுங்கி, வார்டு ஜன்னலோரம் அரை மணி நேரம் நின்றேன். பாட்டிக்கு என்ன பக்தி என்று நர்ஸ் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பார்வையாளர் நேரம். செட்டிலிருந்து ஏழு பேர் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். விரதம் இருக்கிற மூன்று பேரும் அதில் உண்டு. கூடவே அக்கரைக்காரியும். தாடை கெட்டுக் கிடக்கிறவளைப் பார்க்க அவள் வாங்கிக்கொண்டு வந்தது முறுக்கு. என் மகன் கால்மாட்டில் நின்றான். அந்த நேரம் பார்த்து டாக்டர் பெண் சீட்டோடு வந்தாள்.

"பாட்டி, எடுத்த துண்டுல புத்து இல்ல" என்றாள். எல்லோரும் மாரியம்மா என்றார்கள். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "ஆனா எலும்பு செத்துப் போயிருக்கு. எதனாலன்னு தெரியல. காரணம் தெரியாம கொஞ்சமா சொரண்டி விட்டா திரும்பப் பரவும். அதனால அந்தப் பக்கத் தாடைய எடுத்துட்டு, கால்லேர்ந்து எலும்பு எடுத்து வச்சு பிளேட் போடலாம்னு பெரிய டாக்டர் சொல்றாரு. வியாழக்கெழம."

பாதித் தாடை. அறுபது வருடம் சேற்றில் நின்ற காலை வெட்டி வாயில் வைப்பது. இனிமேல் நான் எதை மெல்லுவேன், யாரிடம் எப்படிப் பேசுவேன்? வரப்பில் நின்று ஒரு அதட்டல் போட்டால் இருபது பேர் நிமிர்கிற வாய் இது. தாடையைத் தொட்டுப் பார்க்கக் கையைத் தூக்கினேன். டாக்டர் பெண் அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்தவள் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எப்ப ஒடிஞ்சுது? வளஞ்சு சேர்ந்திருக்கே."

"ஏழு வருஷம் ஆச்சு. வரப்புல வழுக்கிருச்சு."

"வழுக்குனதுக்கே ஒடிஞ்சுதா? என்ன குடுத்தாங்க?"

"கட்டுப் போட்டாங்க. சரியாப் போச்சு."

"கட்டு மட்டுமா? எலும்பு கெட்டியாக மாத்திர குடுக்கலியா? வாரத்துக்கு ஒண்ணு, வெறும் வயித்துல, டம்ளர் நெறையத் தண்ணி, அரை மணி நேரம் படுக்காம?"

நான் சுருக்குப்பையை இடுப்பில் இறுக்கிக்கொண்டேன். அக்கரைக்காரிக்குப் பொறுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"டாக்டரம்மா, அக்காவப் போய் அப்படிக் கேக்காதீங்க. நாங்கல்லாம் நோயாளிங்க, மாத்திரயிலதான் ஓடுறோம். அது மாத்திர தொடாத ஒடம்புங்க. ஞாயித்துக்கெழமன்னா பச்சத்தண்ணிய மட்டும் குடிச்சிட்டு, கெழக்கப் பாத்து அரை மணி நேரம் சிலையாட்டம் நிக்கும். அந்த விரதம்தான் அக்காவ வச்சிருக்கு."

டாக்டர் பெண் அவளைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்று தெரிந்தது. குரலைத் தணித்து, "இவங்களக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லட்டுமா பாட்டி?" என்றாள்.

இரக்கம்! என்னை மறைத்து வைத்துக் கேட்கிறாள். கதவுக்கு வெளியே எட்டுப் பேர் காதை வைத்துக்கொண்டு நிற்க, உள்ளே நான் குசுகுசுவென்று சொல்ல வேண்டுமாம். அக்கரைக்காரி என் விரதத்துக்கு வக்கீலாக நிற்பதைவிட அது கேவலம்.

"வேணாம். இருக்கட்டும்" என்றேன். சுருக்குப்பையை அவிழ்த்து அட்டையை எடுத்துப் படுக்கையில் போட்டேன். மூன்று குழி காலி, ஒன்றில் மாத்திரை. "இதான். ஏழு வருஷமா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம."

பின்னாலிருந்து விரதக்காரி ஒருத்திதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப அது விரதம் இல்லியா பெரியம்மா?"

"தண்ணி குடிச்சது நெசம். நின்னது நெசம்."

"நாங்க மூணு பேரும் வயித்தக் காயப்போட்டமே! எனக்குப் புண்ணே வந்துருச்சு!"

"நான் ஒன்ன இருக்கச் சொன்னனா?"

என் மகன், "என்னம்மா இது" என்றான். "ஒனக்கென்னடா தெரியும், நீ பேசாம நில்லு" என்றேன்.

டாக்டர் பெண்ணுக்குக் கோபம் வந்தது. இரக்கம் போய்க் கோபம் வந்த பிறகுதான் அவள் எனக்குக் கொஞ்சம் பிடித்தாள். "இந்த மாத்திரய வருஷக்கணக்கா எடுத்தா, பல்லு பிடுங்கின எடத்துல தாடை எலும்பு ஆறாமப் போகும் பாட்டி. பல்லு எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தா வேற மாதிரி பாத்திருப்பாங்க. அங்க கேக்கலியா ஒங்கள?"

"கேட்டாங்க."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"கூட்டமா இருந்துச்சு."

அவள் அட்டையை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனாள். வியாழக்கிழமை ஆபரேஷன் நின்றது. எலும்பு டாக்டரோடு போனில் பேசி மாத்திரையை நிறுத்தினார்கள். பல வாரம் மருந்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை வாய் கொப்பளிக்க ஒரு கசப்புத் தண்ணீர். சீழ் அடங்கிய பிறகு, மரத்துப் போக ஊசி போட்டு, செத்த எலும்பை மட்டும் எடுத்துச் சதையை இழுத்துத் தைத்தார்கள். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். எடுத்தது இரண்டு பல்லும் ஒரு புளியங்கொட்டை அளவு எலும்பும். ஒரு சீசாவில் போட்டுக் காட்டினார்கள். பழுப்பாக, பூச்சி அரித்த கட்டை மாதிரி இருந்தது. இவ்வளவு அசிங்கமான ஒன்றையா ஏழு வருடம் நோன்பு நோற்றுக் காப்பாற்றினேன் என்று இருந்தது.

தாடை என் தாடைதான். கால் என் கால்தான். உதடு இன்னும் பாதி மரத்துத்தான் கிடக்கிறது. எலும்பு மறுபடி வெளியே தெரிகிறதா என்று மாதா மாதம் பார்க்கிறார்கள்.

செட்டில் எட்டுப் பேர் சம்பா நடவுக்கு அக்கரைக்குப் போய்விட்டார்கள். விரதக்காரிகள் மூன்று பேரும் அதில் அடக்கம். போகட்டும். அவர்களில் ஒருத்தி வேர் மடங்கி மேலே பார்க்கும்படி நாற்றை ஊன்றுகிறவள். போனதில் நடவுக்கு நட்டம் இல்லை. மிச்சம் இருக்கிறவர்களை வைத்துக்கொண்டு இந்த வருடம் பன்னிரண்டு மா முடித்தேன். என் சத்தம் கொஞ்சம் குழறுகிறது, ஆனால் நிமிர்கிறார்கள்.

எனக்குப் பெரிய அவமானம் அதுவும் இல்லை. போன வாரம் பஸ்ஸில் அக்கரைக்காரி இடம் பிடித்து வைத்து என்னைக் கூப்பிட்டாள். மஞ்சள் பையை மடியில் ஏற்றிக்கொண்டு, "வாங்கக்கா, நீங்களும் நம்ம ஆளாயிட்டீங்க" என்றாள். தஞ்சாவூர் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். அவள் எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறவள். அதனால்தான் அவள் வாய் ஆறியது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளை மதிக்க என்னால் ஆகவில்லை.

டாக்டர் பெண் கடைசியாகச் சொன்னது இது: அடுத்த தடவை வரும்போது, எது எதைச் சாப்பிட்டீர்கள், எப்போதிலிருந்து, யாரிடம் என்ன சொன்னீர்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள், இன்னொரு பல் எடுக்க வேண்டி வந்தால் எந்த டாக்டருக்கும் அதைக் காட்டலாம். அதற்குத்தான் பேத்தியை உட்கார வைத்தேன்.

"அப்பாயி, டாக்டர் ஒரு பக்கம்தான் கேட்டாங்க" என்கிறாள் இவள். "இது நோட்டுல பாதி வந்துருச்சு."

"அந்தப் பொண்ணுக்கு வாசிக்கத் தெரியுமில்ல? வாசிக்கட்டும். நீ அங்கங்க எனக்காகப் பாவப்பட்டு எதையாவது கொறச்சிருக்கப் போற. கிளினிக்குல நான் இல்லன்னு சொன்னதும், ஒங்கப்பன் பேசறப்ப நான் வாய மூடிக்கிட்டு இருந்ததும், வார்டுல கட்டு மட்டும்தான்னு சொன்னதும், மூணும் அப்படியே இருக்கணும். எங்க, மொதல்லேர்ந்து வாசி. சத்தமா வாசி."